இரண்டு அங்குலக் காற்றும் இருபது வளைவும்

வாரத்துக்கு மூன்று நாள் சேலம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் அரிசி, பருப்பு, வெல்லம், எண்ணெய் டின் என்று ஏற்றிக்கொண்டு ஏற்காட்டுக் கடைகளுக்குப் போகிற பிக்கப் என்னுடையது. 2.5 லிட்டர் டர்போ டீசல், அதாவது இன்ஜின் புகையின் வேகத்தில் சுற்றிக் காற்றை உள்ளே அமுக்கித் தள்ளுகிற டர்போ உள்ளது. திரும்பும்போது காபிக்கொட்டை கிடைக்கும், மிளகு கிடைக்கும், சீசனில் பலா கிடைக்கும், ஒன்றும் இல்லாவிட்டால் காலி வண்டியோடு காற்று வாங்கிக்கொண்டே இறங்கி வருவேன். இறக்கத்தைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. ஏற்றம்தான் படுத்தியது. போன தை மாதம் பொங்கல் லோடு முடிந்த கையோடு வண்டியின் இழுவை குறைய ஆரம்பித்தது. மூன்றாவது கியரில் ஏறிய இடங்களில் இரண்டாவது கேட்டது, இரண்டில் ஏறிய கொண்டை ஊசி வளைவில் ஒன்றுக்கு இறக்க வேண்டியிருந்தது, பின்னால் வரும் அரசு பஸ்காரர் ஹாரனிலேயே என்னைத் திட்டினார்.

இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் சொல்லித் தொலைத்தேன். என் மனைவியின் தம்பி ஒருத்தன் இருக்கிறான், கல்லூரியில் கடைசி வருஷம், ரீல்ஸ் பார்ப்பதையே ஒரு பட்டமாகக் கொடுத்தால் தங்கப் பதக்கம் அவனுக்குத்தான். உடனே போனை நீட்டினான். "மாமா, இத பாருங்க, ஏர் இன்டேக் மாத்துனா வண்டி பறக்கும்." இன்ஜினுக்குக் காற்று போகிற வழிதான் ஏர் இன்டேக். அதில் ஒரு அமெரிக்காக்காரர் வீடு மாதிரி ஒரு ஃபோர்டு பவர் ஸ்ட்ரோக் டிரக்கின் பானெட்டைத் திறந்து, கறுப்புப் பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு, கூம்பு மாதிரி ஒரு சிவப்பு ஃபில்டரை வைக்கிறார். அப்புறம் ஒரு உறுமல். டர்போவின் விசில் சத்தம் காதைக் கிழிக்கிறது. எனக்கே ஆசை வந்துவிட்டது, பொய் சொல்ல மாட்டேன்.

பதினோராயிரம் ரூபாய். ஒரு ஆக்சசரீஸ் கடையில் என் வண்டிக்குப் பொருந்தும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். பளபளக்கும் அலுமினிய பைப், எண்ணெய் தடவிய பருத்தித் துணி ஃபில்டர், நாலு கிளாம்ப். பழைய ஏர் கிளீனர் டப்பாவைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு மறுநாளே மலை ஏறினேன். வண்டி வேகமாகப் போகிறது என்றுதான் தோன்றியது. சத்தம் அப்படி. ஆக்சிலரேட்டரைத் தொட்டாலே காட்டுப்பன்றி மாதிரி உறுமுகிறது, கால் தானாக இன்னும் கொஞ்சம் அழுத்துகிறது. ஆனால் பத்தாவது வளைவு வந்தபோது அதே இரண்டாவது கியர், அதே பஸ்காரர், அதே ஹாரன்.

இந்த இடத்தில் என் பெரியப்பாவைக் கொண்டுவர வேண்டும். சங்ககிரியில் முப்பது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். இப்போது முழங்கால் வலியோடு வீட்டில் இருக்கிறார், யாராவது வண்டியைப் பற்றிப் பேச வந்தால் வலி போய்விடும். வண்டியை அவர் வாசலில் நிறுத்தி பானெட்டைத் திறந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, ஊதற வாய்க்கு மூக்குத்தி போட்டா பாட்டு நல்லா வருமா?" என்றார். பெருமையாகக் காட்ட வந்தவனுக்கு எப்படி இருக்கும்.

"இல்லைங்க பெரியப்பா, காத்து நிறையப் போகுமாமா."

"போகட்டும். எவ்வளவு நிறைய? அளந்தியா?"

அளக்கவில்லை. யார்தான் அளக்கிறார்கள்? சத்தம் கேட்டதும் முடிவு பண்ணிவிடுகிறோம். அவர்தான் வழியும் சொன்னார். பெரிய லாரிகளில் ஏர் ஃபில்டர் டப்பாவில் ஒரு சின்ன இண்டிகேட்டர் இருக்கும், ஃபில்டர் அடைத்துக்கொண்டால் சிவப்பு தெரியும். அது பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான்: ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் எவ்வளவு உறிஞ்சல் இருக்கிறது என்று. தண்ணீர் உயரத்தில் சொல்வதானால், நிறைய லாரிகளில் 25 அங்குலம் வந்தால் சிவப்பு, ஃபில்டரை மாற்று என்று அர்த்தம். அந்த உறிஞ்சலை அளக்க மிஷின் எதுவும் வேண்டாம், கொத்தனார் மட்டம் பார்க்கிற டியூப் போதும்.

எங்கள் தெருக் கொத்தனாரிடம் டியூபைக் கடன் வாங்கினேன். ஒரு நீள ரீப்பர் கட்டையில் அதை யூ வடிவத்தில் வளைத்துக் கட்டி, இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மனைவியின் தையல் டேப்பை ஒட்டி, தண்ணீர் தெளிவாகத் தெரிய சமையலறையிலிருந்து கேசரிப் பவுடர் எடுத்துக் கலந்தாயிற்று. (கேசரி செய்ய வைத்திருந்ததாம். அதற்குத் தனியாக ஒரு சண்டை.) டியூபின் ஒரு முனை கேபினில் திறந்தபடி இருக்கும், இன்னொரு முனை பானெட் இடுக்கு வழியாகப் போய் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவிலுள்ள பைப்பில் சேரும். இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் உறிஞ்சல். அலுமினிய பைப்பில் அதற்குத் தோதாக மூடி போட்ட ஒரு மூக்கு ஏற்கெனவே இருந்தது. கம்பெனி ரப்பர் பைப்பை ஓட்டை போட மனசு வரவில்லை, பழைய சாமான் கடையில் அதே மாதிரி இன்னொரு பைப் வாங்கி அதில் சைக்கிள் டியூப் வால்வு ஒன்றை ஒட்டினோம். பெரியப்பா ஒரே ஒரு எச்சரிக்கை கொடுத்தார்: கட்டை நாலு அடிக்குக் குறையக் கூடாது, குறைந்தால் தண்ணியை டர்போ குடித்துவிடும், அப்புறம் கேசரி இன்ஜினுக்குள்ளதான். இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி இருப்பதால் வண்டி சாய்ந்தாலும் அளவு பெரிதாக மாறாது. இருந்தாலும் வளைவில் படிக்கவில்லை, வளைவுக்கும் வளைவுக்கும் நடுவில் நேராக ஏறுகிற இடத்தில், ஆக்சிலரேட்டர் முழுக்க அழுத்தி, 3,000 ஆர்பிஎம் தொடும்போது படித்தோம். படித்தது மச்சான்தான், முன் சீட்டில் கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கோவில் திருவிழாவில் சூலம் பிடிப்பவன் மாதிரி.

மூன்று நாள், மூன்று விதம், ஒரே லோடு. கம்பெனி டப்பாவில் வண்டியில் இருந்த பழைய அழுக்கு பேப்பர் ஃபில்டர்: 13 அங்குலம். அதே டப்பாவில் புது பேப்பர் ஃபில்டர்: 6 அங்குலம். பதினோராயிரம் ரூபாய் கூம்பு: 4 அங்குலம்.

அதாவது புது பேப்பர் ஃபில்டரைவிட இரண்டு அங்குலம் லாபம். மச்சான் குதித்தான், "மூணுல ஒரு பங்கு குறைஞ்சிருக்கு மாமா!" கணக்கு சரிதான். ஆனால் எதில் மூன்றில் ஒரு பங்கு? நம்மைச் சுற்றியிருக்கிற காற்றின் அழுத்தத்தையும் அதே தண்ணீர் உயரத்தில் சொல்லலாம். கடல் மட்டத்தில் அது 34 அடி, ஏறக்குறைய 407 அங்குலம். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் போல உயரத்தில் இருக்கிறது, அங்கே 390 சொச்சம் அங்குலம். கிட்டத்தட்ட 1,500 மீட்டரில் இருக்கிற ஏற்காட்டில் 340. மலை ஏறுகிற அந்த ஒரு மணி நேரத்தில் இயற்கையே 50 அங்குலத்துக்கு மேல் பிடுங்கிக்கொள்கிறது, நான் பதினோராயிரம் கொடுத்து 2 அங்குலம் திரும்ப வாங்கியிருக்கிறேன். சதவீதத்தில் அரை.

அந்த அரையாவது சக்கரத்துக்குப் போகிறதா என்றால் அதுவும் இல்லை. இதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு நாளானது. பெட்ரோல் வண்டியில் காற்றை அளந்து விட்டு, அதற்கேற்ற பெட்ரோலைக் கலக்கிறார்கள். காற்று கூடினால் பெட்ரோலும் கூடும், சக்தியும் கூடும். டர்போ இல்லாத பெட்ரோல் வண்டிக்காரர்கள் இன்டேக் மாற்றிக் கொஞ்சம் பலன் கண்டதாகச் சொன்னால் நம்பலாம். டீசல் கதை வேறு. அதில் காற்று எப்போதும் தேவைக்கு மேலேயே உள்ளே போகிறது. ஒரு கிலோ டீசல் எரிய பதினாலரை கிலோ காற்று போதும், ஆனால் முழு பாரத்தில் ஏறும்போதுகூட அதைவிடக் கணிசமாகக் கூடுதலாகத்தான் வைத்திருப்பார்கள், இல்லையென்றால் கரும்புகை கக்கும். சும்மா நிற்கும்போதோ அதைப்போலப் பல மடங்கு. சக்தியைத் தீர்மானிப்பது எவ்வளவு டீசல் பீச்சுகிறோம் என்பதுதான், அந்தக் கணக்கு இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியூவுக்குள் எழுதி வைத்திருக்கிறது. நீங்கள் மூக்கை அகலமாக்கியதற்காக அது ஒரு சொட்டுக்கூட அதிகம் கொடுக்காது. சாப்பாட்டுக்கு டோக்கன் வாங்கியவனுக்கு இலையைப் பெரிதாகப் போட்டால் சோறு கூடுமா என்ன.

இன்னொன்று, நடுவில் டர்போ இருக்கிறது. டர்போ இவ்வளவு அழுத்தம்தான் கொடுக்க வேண்டும் என்று ஒரு அளவு உண்டு, அதற்கு மேல் போனால் வேஸ்ட்கேட் என்கிற கதவு திறந்து புகையை வேறு வழியில் விட்டுவிடும், வேறு சில வண்டிகளில் டர்போவின் இறக்கைகள் கோணம் மாறும். ஃபில்டர் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் டர்போ கொஞ்சம் வேகமாகச் சுற்றி அதே அழுத்தத்தைக் கொண்டுவந்துவிடும். சுற்றுவதற்கு அதற்கு என்ன கஷ்டம், சின்ன டர்போக்கள் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் சுற்றுகிறவை. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஓபிடி ப்ளூடூத் ஒன்றைச் செருகி, டர்போ கொடுக்கிற அழுத்தத்தை, அதாவது பூஸ்டை, மொபைலில் பார்த்தேன். அடிவாரத்துக்கு அப்புறம் முதல் நேர் ஏற்றத்தில் பேப்பர் ஃபில்டரோடும் கூம்போடும் ஒரே எண். ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை.

அந்த அமெரிக்க வீடியோக்கள் பொய்யா என்று மச்சான் கேட்டான். எல்லாம் பொய் இல்லை. ராம் கம்மின்ஸ், டியூராமேக்ஸ், பவர் ஸ்ட்ரோக் என்று அவர்கள் ஓட்டுவது 6.6, 6.7 லிட்டர் இன்ஜின்கள். அதில் முதலில் டியூனிங் செய்து, அதாவது இசியூ கணக்கை மாற்றி, டீசலைக் கூட்டிவிடுகிறார்கள், சிலர் டர்போவையே பெரிதாக மாற்றுகிறார்கள். டீசல் அவ்வளவு கூடிய பிறகு காற்றுதான் பற்றாக்குறை, அப்போது கம்பெனி ஃபில்டர் உண்மையிலேயே கழுத்தை நெரிக்கும், இன்டேக் மாற்றினால் புகை குறையும், புகைபோக்கிச் சூடு குறையும், சக்தியும் கொஞ்சம் கூடும். பெரியப்பாவும் இதையே வேறு மாதிரி சொன்னார். பழைய மெக்கானிக்கல் பம்ப் காலத்தில் லோடு இழுக்கவில்லை என்றால் பம்ப் கடையில் டீசலைக் கூட்டி வைத்துவிடுவார்களாம். அப்படிப்பட்ட லாரியில் ஏர் கிளீனர் கொஞ்சம் அடைத்தாலும் பின்னால் வருகிறவனுக்கு ரோடே தெரியாது. அந்த நாளில் ஆயில் பாத் கிளீனர், அடியில் எண்ணெய் தொட்டி, கழற்றினால் சேறு சேறாக வரும், அதை வழித்துப் போட்டுவிட்டுக் கோடு வரைக்கும் புது எண்ணெய் ஊற்ற வேண்டும். அதை அவர் சொல்லும்போது ஏதோ மாடு கறந்த கதை சொல்வது போல முகத்தில் ஒரு பிரியம்.

என் வண்டியில் டியூனிங் எதுவும் கிடையாது. பண்ணவும் மாட்டேன், கூடுகிற சக்தியில் கிளட்ச் போனால் மாற்ற என்னிடம் காசில்லை.

அப்புறம் சூடு. இதுதான் என்னை நிஜமாகவே கடுப்பேற்றியது. கம்பெனி டப்பா பார்க்க அசிங்கமாக இருந்தாலும் அதன் வாய் ஃபெண்டர் பக்கம் வெளியே திறந்திருக்கிறது, வெளிக்காற்றை எடுக்கிறது. பெரிய லாரிகளில் கேபினுக்குப் பின்னால் ஒரு குழாய் மேலே ஏறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் சூடில்லாத, தூசி குறைந்த காற்றுக்காகத்தான். கோல்டு ஏர் இன்டேக் என்று புதிதாக விற்கிறார்களே, அதை லாரி செய்தவர்கள் எப்போதோ செய்துவிட்டார்கள். என் சிவப்புக் கூம்போ பானெட்டுக்குள், ரேடியேட்டருக்குப் பின்னால், மூடியில்லாமல் உட்கார்ந்திருந்தது. ஃப்ரிட்ஜில் வைக்கிற ஒயர் தெர்மாமீட்டரை இரண்டு இடத்திலும் கட்டிப் பார்த்தேன். சித்திரை மதியம், கோரிமேடு தாண்டி மெதுவாக ஏறும்போது கம்பெனி வாயில் 41 டிகிரி, கூம்புக்குப் பக்கத்தில் 58. பத்து டிகிரி சூடு கூடினால் காற்றின் அடர்த்தி 3 சதவீதம் போலக் குறையும். அரை சதவீதம் கொடுத்துவிட்டு 5 சதவீதம் எடுத்துக்கொண்டது அந்தக் கூம்பு. டர்போ அமுக்கும்போது காற்று எப்படியும் நூறு டிகிரியைத் தாண்டுகிறது, இன்டர்கூலர் அதைத் தணிப்பதால் இழப்பு அவ்வளவு நேரடியாகத் தெரியாது என்பது வேறு விஷயம். ஆனாலும் காசு கொடுத்து சூடு வாங்கினேன் பாருங்கள்.

சரி, இழுவை ஏன் குறைந்தது? பட்டறையில் பையன் ஒருவன் வண்டிக்கு அடியில் படுத்து ஐந்து நிமிஷத்தில் சொன்னான். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகிற ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு, அழுத்திப் பார்த்தால் விரல் நீளத்துக்கு வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது, வண்டி சும்மா நிற்கும்போது வாய் மூடியிருக்கும், பாரத்தில் அழுத்தம் ஏறினால் திறந்துகொள்ளும். ஹோஸும் கிளாம்பும் ஆயிரத்துச் சொச்சம். மாற்றிய அன்றே பழைய மூன்றாவது கியர் திரும்ப வந்தது. மொபைலில் பூஸ்ட் எண் அதுவரை பார்த்ததைவிடத் தெளிவாக மேலே போனது. டர்போவுக்கு முன்னால் நான் இரண்டு அங்குலத்துக்கு அலைந்துகொண்டிருந்தேன், பின்னால் வெடிப்பு வழியாக எவ்வளவோ காற்று வீணாகிக்கொண்டிருந்திருக்கிறது. இன்டர்கூலரின் தகடுகளுக்குள் ஒரு விரற்கடை மண்ணும் பூச்சியும் அப்பியிருந்தது, அதையும் தண்ணீர் அடித்துக் கழுவினான், அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

கூம்பைக் கழற்றியதற்கு உண்மையான காரணம் இதுவும் இல்லை, தூசி. 2.5 லிட்டர் இன்ஜின் 3,000 ஆர்பிஎம்மில் முழு பூஸ்டில் ஓடும்போது நிமிஷத்துக்கு 6,000 லிட்டருக்கு மேல் காற்றை இழுக்கும். நான் ஓட்டுவது சுத்தமான ஊட்டி ரோடு இல்லை. மேக்னசைட் சுரங்கப் பக்கம் வெள்ளைத் தூள், கிரஷர் டிப்பர்கள் போகிற ரோட்டில் ஜல்லிப் பொடி. பேப்பர் ஃபில்டர் நூற்றுக்கு 99.9 பங்கு தூசியைப் பிடிக்கிறது, துணி ஃபில்டர் 97 பங்கு பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் உள்ளே போவது ஒன்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மற்றதில் முப்பது பங்கு. முப்பது மடங்கு. அந்தத் தூள் முதலில் டர்போவின் இறக்கை நுனியை அரிக்கும், அப்புறம் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் லைனரையும் தேய்க்கும், இன்ஜின் எண்ணெய் குடிக்க ஆரம்பிக்கும். ஃபில்டர்களைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்று ஒரு முறையே இருக்கிறது, நல்ல ஃபில்டர் செய்பவர்கள் அந்த எண்ணைப் போடுவார்கள். என் பெட்டியில் ஒரு ஸ்டிக்கரும், தீப்பிழம்பு படமும்தான் இருந்தது. நான்கு வாரத்தில் அந்த அலுமினிய பைப்பின் உள்பக்கம் விரலை விட்டுத் துடைத்துப் பார்த்தேன், விரலில் திருநீறு பூசினது மாதிரி வந்தது. அன்றைக்கே கழற்றினேன்.

துணி ஃபில்டரைக் கழுவித் திரும்ப எண்ணெய் தடவும்போது கொஞ்சம் தாராளமாகத் தடவிவிட்டால் அந்த எண்ணெய் காற்றோடு போய், உள்ளே போகிற காற்றை அளக்கிற ஏர் மாஸ் சென்சாரில் ஒட்டிக்கொள்ளும், அது இருக்கிற வண்டிகளில் அது தனித் தலைவலி. வாரண்டியில் இருக்கிற பிஎஸ்6 வண்டிக்காரர்கள் இந்தப் பக்கமே வராதீர்கள், ஏதாவது ஆனால் முதலில் அந்தக் கூம்பைத்தான் காட்டுவார்கள்.

இப்போது பேப்பர் ஃபில்டர்தான், சில நூறு ரூபாய்க்குள் முடிகிறது. பஞ்சர் கடையில் ஏர் அடித்து சுத்தம் செய்யும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன், முழு அழுத்தத்தில் அடித்தால் பேப்பரில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும், அப்புறம் அது ஃபில்டர் இல்லை, சல்லடை. அடிக்கடி திறந்து பார்ப்பதும் கூடாது என்கிறார் பெரியப்பா. மேலே கொஞ்சம் தூசி படிந்த ஃபில்டர் புதுசைவிட நன்றாகப் பிடிக்குமாம், திறக்கிற ஒவ்வொரு தடவையும் ஓரத்து ரப்பர் சரியாக உட்காராமல் போக வாய்ப்பு. யூ டியூபை மாதம் ஒரு தடவை மாட்டிப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன்.

ஆனால் கொத்தனார் டியூபைத் திருப்பிக் கேட்டார். சோப்புத் தண்ணீர், வெந்நீர், வினிகர் எல்லாம் விட்டுப் பார்த்தும் கேசரிக் கலர் போகவில்லை. புது டியூப் பத்து மீட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டு ஆரஞ்சு டியூபை நான் வைத்துக்கொண்டேன்.